உள்ளே ஒரே ஓட்டை, வெளியே 235: ஏர் ரைஃபிள் பென்ச்ரெஸ்டில் புள்ளிகள் எங்கே போகின்றன?

பென்ச்ரெஸ்ட், அதாவது ரைஃபிளை மேசையில் தாங்கியின் மேல் வைத்துச் சுடும் போட்டி பற்றி நீங்கள் அனுப்பிய கேள்வி இதுதான். ரெகுலேட்டர் (ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் கருவி) உள்ள பி.சி.பி. ரைஃபிள், அதாவது சிலிண்டரில் முன்பே அடைத்த அழுத்தக் காற்றால் சுடுவது, 4.5 மி.மீ. காலிபர், 16 ஜூல் ஆற்றல் வகுப்பு. உள்ளரங்கில் சுட்டால் ஐந்து பெல்லட்டும் (சிறு ஈயக் குண்டு) ஒரே ஓட்டையில் போகின்றன. வெளியே 25 மீட்டரில், 25 வட்டம் கொண்ட போட்டி அட்டையில் (வட்டத்துக்கு 10 புள்ளி) சுட்டால் 250-க்கு 235, மிஞ்சிப்போனால் 238. அதற்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. பாரலை மாற்றலாமா, இன்னும் பெரிய ஸ்கோப் வாங்கலாமா, பெல்லட்டை எடை போட்டுப் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உள்ளேயும் வெளியேயும் பாரல் ஒன்றுதான், ஸ்கோப் ஒன்றுதான், பெல்லட்டும் அதே டப்பாதான். மாறுவது காற்று. இன்னொன்றும் மாறுகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே ஓட்டைக் குழு (ஒரே குறியில் தொடர்ந்து சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) சுடும்போது ரைஃபிளை நீங்கள் நகர்த்துவதே இல்லை. அட்டையில் ஒவ்வொரு வட்டத்துக்கும் நகர்த்தி, திரும்ப நிலைநிறுத்தி, திரும்பக் குறிவைக்க வேண்டியிருக்கிறது. ரெஸ்ட்டில், அதாவது ரைஃபிளைத் தாங்கும் முன் தாங்கியிலும் பின்பக்க மணல் பையிலும், உள்ள எந்தக் கோளாறும் முதல் வகைச் சோதனையில் வெளியே வராது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. துல்லியத்தைக் கெடுக்கும் காரணங்கள் ஒன்றோடொன்று நேராகக் கூட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, அப்புறம் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். உதாரணத்துக்குக் காற்று 6 மி.மீ., பெல்லட் 3, ரெஸ்ட் 2, வேக வேறுபாடு 1 என்று சிதறடிப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் சிதறல் ஏறக்குறைய 7.1 மி.மீ. வேக வேறுபாட்டை அடியோடு ஒழித்தாலும் 7-க்குத்தான் வரும். பெல்லட்டைப் பொறுக்கி அதன் பங்கைப் பாதியாக்கினால் 6.6. காற்றைப் படிக்கக் கற்று அதன் பங்கைப் பாதியாக்கினால் 4.8. பெரிய காரணத்தைத் தொடாமல் சின்னக் காரணங்களுக்கு எவ்வளவு செலவழித்தாலும் அட்டையில் ஒன்றும் தெரியாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே உங்கள் விஷயத்தில் எது பெரிய காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஐந்து பெல்லட் குழு உதவாது. ஐந்து என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. சராசரியாக 10 மி.மீ. குழு போடும் ரைஃபிள், எதையும் மாற்றாமலேயே ஒரு முறை 6 போடும், இன்னொரு முறை 14 போடும். 6 வந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொள்வோம், 14 வந்தால் "கை ஆடிவிட்டது" என்று தூக்கிப்போடுவோம். இதை எல்லாரும் செய்கிறார்கள். அதே ரைஃபிள் 25 முறை ஒரே புள்ளியில் சுட்டால் குழுவின் அகலம் ஐந்து பெல்லட் சராசரியைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும். ரைஃபிள் கெட்டுப்போய் அப்படி வருவதில்லை, எண்ணிக்கை கூடினால் அகலமும் கூடும்.

இதற்கு நான் சொல்லும் வழி எளிமையானது. காற்று அறவே வீசாத நேரத்தில், அல்லது உள்ளரங்கிலேயே, முழுப் போட்டி அட்டை ஒன்றைச் சுடுங்கள். பிறகு ஒரு கண்ணாடித் தாளை எடுத்து, நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு, அதை ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் பொருத்தி, அங்கே விழுந்த ஓட்டையின் மையத்தை மார்க்கரால் புள்ளியாகக் குறியுங்கள். 25 வட்டமும் முடிந்ததும் 25 புள்ளிகள் ஒரே கூட்டல் குறியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். மேல் வரிசைக்கு ஒரு நிறம், கீழ் வரிசைக்கு ஒரு நிறம், நடு வரிசைகளுக்கு வேறொன்று என்று பிரித்துக் குறித்தால் இன்னும் நல்லது. அடுத்து, காற்றுள்ள நாளில் சுட்ட அட்டைக்கும் இதேபோல் ஒரு தாள் தயார் செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

புள்ளிகள் மேலும் கீழுமாக நீண்டு கிடந்தால் வேக வேறுபாடு, பின்பக்கப் பை, கன்னத்தின் அழுத்தம் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமுமாகப் பரந்து கிடந்தால் காற்று, ட்ரிகரை ஒரு பக்கமாகத் தள்ளுவது, ரைஃபிள் நேராகப் பின்னால் நழுவாதது, சாய்வு. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உருண்டையாகச் சிதறினால் பெல்லட் அல்லது பாரல். ஒரு நிறத்துப் புள்ளிகள் மட்டும் தனியாகக் கூட்டமாக ஒதுங்கி நின்றால், சந்தேகமே வேண்டாம், ரெஸ்ட்தான். காற்றில்லாத தாளில் எல்லாம் ஒழுங்காக இருந்து, காற்றுத் தாளில் மட்டும் பக்கவாட்டில் பரந்தால், நீங்கள் கேட்ட மூன்று சாமான்களில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இந்தக் கடைசி நிலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

பெல்லட் பறக்கும் நேரம் கூடக் கூடக் காற்று அதிகம் தள்ளும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் தள்ளும் அளவைத் தீர்மானிப்பது தாமதம். அதாவது காற்றுத் தடையே இல்லாவிட்டால் ஆகியிருக்கும் நேரத்துக்கும், உண்மையில் ஆகும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் வகுப்பில் 8.44 கிரெயின், அதாவது 0.547 கிராம் பெல்லட் விநாடிக்கு 240 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். தடையில்லாமல் போனால் 25 மீட்டரை 0.104 விநாடியில் கடக்கும். உண்மையில் வழியில் வேகம் குறைந்து 0.112 விநாடி எடுக்கும். வித்தியாசம் விநாடியில் ஆயிரத்தில் 8 பங்கு. இதைக் குறுக்குக் காற்றின் வேகத்தோடு பெருக்கினால் பெல்லட் எவ்வளவு தள்ளப்படும் என்பது கிடைத்துவிடும். விநாடிக்கு 1 மீட்டர் காற்றென்றால் ஏறக்குறைய 8 மி.மீ.

இப்போது இதை யோசியுங்கள். முகத்தில் காற்று படுவதை உணரவே விநாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்கு அது வீச வேண்டும். "இன்று காற்றே இல்லை" என்று நாம் சொல்லும் நாளிலேயே 8 மி.மீ. ஆட்டம் ஒளிந்திருக்கிறது. பெல்லட் எடைப் பிரிப்பு, ட்ரிகர் எடை, விலை உயர்ந்த ஸ்கோப் எதுவும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வராது.

நேராக எதிரே இருந்தோ பின்னால் இருந்தோ வரும் காற்றைப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் அதிகப் புள்ளிகளைத் தின்பது அதுதான். சுடும் கோட்டுக்கு 30 டிகிரி சாய்ந்து வரும் காற்று, முழுக் குறுக்குக் காற்றில் பாதி அளவு தள்ளும். பின்னால் இருந்து விநாடிக்கு 2 மீட்டர் காற்று வருகிறது, அது இடப்பக்கம் 30 டிகிரிக்கும் வலப்பக்கம் 30 டிகிரிக்கும் இடையில் வாலாட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். ஒரு முனையில் 8 மி.மீ. இடம், மறுமுனையில் 8 மி.மீ. வலம், மொத்தம் 16 மி.மீ. முதுகில் படுவது என்னவோ ஒரே மாதிரியான காற்றுதான். கொடியின் முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தால் மட்டுமே இது தெரியும். இப்படிப்பட்ட நாளைவிட, நிலையாக ஒரே பக்கத்திலிருந்து பலமாக வீசும் நாள் எவ்வளவோ மேல்.

கொடி இல்லாமல் வெளியில் பென்ச்ரெஸ்ட் சுடுவதில் அர்த்தமே இல்லை. விலை உயர்ந்தது வேண்டாம். திசைக்கு ஒரு அம்பு, வேகத்துக்கு ஒரு காற்றாடி அல்லது நீளமான மெல்லிய ரிப்பன் வால், இரண்டும் உராய்வில்லாமல் சுழல வேண்டும், அவ்வளவுதான். மூன்று வைத்தால் போதும். எங்கே வைப்பது என்பதில் ஒரு விஷயம் உண்டு. துப்பாக்கி முனைக்கு அருகில் வாங்கும் தள்ளுதல் மிச்ச தூரம் முழுவதும் பெல்லட்டோடு சேர்ந்து பயணிக்கிறது. டார்கெட்டுக்கு அருகில் வாங்கும் தள்ளுதலுக்கு விலகிப் போக இடமே இல்லை. ஏறக்குறையச் சொன்னால், மொத்த விலகலில் முக்கால் பங்கு பாதையின் முதல் பாதியில் உள்ள காற்றால் வருகிறது. ஆனால் கண் எப்போதும் டார்கெட் பக்கத்துக் கொடியில்தான் போய் நிற்கும், ஸ்கோப்பில் அதுதான் தெரிகிறது. முதல் கொடியை மேசையிலிருந்து 5, 6 மீட்டரில் வையுங்கள், இரண்டாவது பாதி தூரத்தில், மூன்றாவது டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால். மூன்றும் முரண்பட்டால் முதல் இரண்டை நம்புங்கள். கூரையும் பக்கச் சுவரும் உள்ள இடமென்றால் அவற்றின் விளிம்பில் காற்று சுழலும், அங்கே உட்கார்ந்தவருக்குப் பக்கத்து மேசைக்காரரின் காற்று பொருந்தாது.

கொடிகள் பெல்லட் பாதைக்குச் சற்றுக் கீழே, ஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் மற்றக் கண்ணால் பார்க்கும்படி ஒரே கோட்டில் இருக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பக் கன்னம் வைத்து, குறியைச் சரிசெய்து ட்ரிகரைத் தொடுவதற்குள் காற்று மாறியிருக்கும்.

சரி, கொடி வைத்தாயிற்று, என்ன செய்வது? இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரு குறிப்பிட்ட நிலையைத் தேர்ந்துகொண்டு அது வரும்போது மட்டும் சுடுவது. இரண்டு, எந்த நிலையிலும் அதற்கேற்பத் தள்ளிக் குறிவைத்துச் சுடுவது. 235-இல் இருப்பவருக்கு முதல் வழியைத்தான் சொல்வேன். அந்த நிலை அமைதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அடிக்கடி திரும்பி வருவதாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரும் அமைதிக்காகக் காத்திருந்தால் கடைசியில் நேரம் போதாமல் எட்டு வட்டங்களை அவசரமாகச் சுட நேரும். "வலமிருந்து வால் பாதி உயரம்" என்பது அடிக்கடி வரும் நிலையென்றால், ஸ்கோப்பை அந்த நிலைக்கே ஜீரோ செய்துகொள்ளுங்கள், அதாவது அந்தக் காற்றில் குறிவைத்த இடத்திலேயே பெல்லட் விழும்படி திருத்திக்கொள்ளுங்கள். அது வந்ததும் மையத்தைப் பார்த்துச் சுடுங்கள். நிலைத்திருக்கும்வரை மூன்று, நான்கு என்று தொடர்ந்து சுட்டுவிடுங்கள், போனதும் நிறுத்துங்கள்.

அட்டையில் சோதித்துப் பார்க்க உள்ள சைட்டர் வட்டங்கள் இதற்குத்தான் இருக்கின்றன. பெரும்பாலான போட்டி அட்டைகளில் அவற்றில் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், புள்ளிக் கணக்கில் வராது. ஆனால் பலர் ஆரம்பத்தில் ஜீரோ பார்க்க நான்கைந்து சுட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. உங்கள் நிலை இல்லாத நேரத்தில் சும்மா உட்காராமல் சைட்டரில் சுடுங்கள். வால் தொங்கினால் எங்கே விழுகிறது, முழுக்க எழுந்தால் எங்கே, இடமிருந்து திரும்பினால் எங்கே என்று ஒரு படம் மனதில் உருவாகும். இப்படி நான்கைந்து நிலைகளுக்கு விலகல் தெரிந்துவிட்டால் இரண்டாவது வழி தானாகவே கைக்கு வரும். 245-க்கு மேல் போக அது வேண்டும்.

இந்தப் படத்தை வரையும்போது ஒன்றைக் கவனிப்பீர்கள். சுழலும் பெல்லட் குறுக்குக் காற்றில் சுத்தமாகக் கிடைக்கோட்டில் மட்டும் நகராது, கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்த கோட்டில் நகரும். எந்தப் பக்கக் காற்றுக்கு மேலே, எதற்குக் கீழே என்பதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளாமல் உங்கள் ரைஃபிள், உங்கள் பெல்லட்டில் சுட்டே குறித்துக்கொள்ளுங்கள். தள்ளிக் குறிவைப்பவர்கள் பக்கவாட்டை மட்டும் திருத்தி, உயரத்தில் ஒரு புள்ளியை விட்டுவிடுவது இதனால்தான்.

ஒரு 9 விழுந்ததும் அடுத்ததில் அதைத் திருத்தப் போவது இன்னொரு வியாதி. கொடி அந்த 9-க்குக் காரணம் காட்டினால் திருத்துங்கள். காட்டவில்லையென்றால் அது வழக்கமான சிதறல், அதைத் துரத்தினால் அடுத்ததும் 9.

காற்றுக்கு அடுத்து ரெஸ்ட். பி.சி.பி. ரைஃபிளில் பின்னுதைப்பு மிகக் குறைவு என்பதால் எப்படி வைத்தாலும் சரி என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஆனால் பெல்லட் பாரலுக்குள் இருக்கும் நேரம் இங்கே ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு விநாடி. வெடிமருந்து ரைஃபிளோடு ஒப்பிட்டால் இது நீண்ட நேரம். அந்த நேரத்தில் ரைஃபிள் எப்படி நகர்கிறதோ அது அட்டையில் பதிவாகும். ஆகவே நகரக் கூடாது என்று இறுக்கிப் பிடிப்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நகரட்டும் என்று விடுவதே வழி.

இதைச் சோதிப்பது சுலபம். காற்றழுத்தம் இல்லாமல், பெல்லட் இல்லாமல், ரைஃபிளை முன் ரெஸ்ட்டிலும் பின்பையிலும் வைத்துக் குறியை ஒரு வட்டத்தின் மையத்தில் நிறுத்துங்கள். ஸ்கோப்பில் பார்த்தபடியே ரைஃபிளை இரண்டு சென்டிமீட்டர் பின்னால் இழுங்கள். குறி செங்குத்தாக நேராக மேலோ கீழோ போக வேண்டும். சாய்வாகப் போனால் முன் ரெஸ்ட்டும் பின்பையும் ஒரே கோட்டில் இல்லை. பின்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சாய்வு மறையும்வரை சரிசெய்யுங்கள். இப்போது முன்னால் தள்ளுங்கள். குறி திரும்ப அதே மையத்துக்கு வர வேண்டும். வரவில்லையென்றால் பை இறுகப் பிடிக்கிறது. பையின் காதுகளில் கொஞ்சம் முகப் பவுடர் தடவுவது பழைய வழக்கம், நன்றாகவே வேலை செய்கிறது. இதே சோதனையை மேல் இடது மூலை வட்டத்திலும் கீழ் வலது மூலை வட்டத்திலும் செய்யுங்கள். நடுவில் நேராக நழுவிய ரைஃபிள் மூலையில் கோணலாக நழுவும். முன்னே சொன்ன வண்ணப் புள்ளிகள் தனித்தனியே ஒதுங்குவதன் காரணம் இங்கே கண்ணெதிரே தெரியும்.

ஒவ்வொரு வட்டத்துக்கும் மாறியதும் ரைஃபிளை ஒருமுறை பின்னும் முன்னும் நழுவவிட்டு உட்காரவைத்த பின்பே சுடுங்கள். முன்பக்க ஸ்டாக் ரெஸ்ட்டின் மேல் எந்த இடத்தில் உட்காருகிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். பைக்குள் மணல் நன்றாக இறுகியிருக்க வேண்டும், அரைகுறையாக நிரப்பிய பை போகப் போகத் தணிந்து கீழ் வரிசைக்கு வரும்போது உயரத்தை மாற்றிவிடும். எந்த வகை ரெஸ்ட்டுக்கு அனுமதி என்பது போட்டிக்குப் போட்டி மாறும். எடைக்கும் வரம்பு உண்டு. உலக ரிம்ஃபயர் மற்றும் ஏர் ரைஃபிள் பென்ச்ரெஸ்ட் கூட்டமைப்பின் முறையில் லைட் வார்மின்ட் வகுப்புக்கு ஸ்கோப்போடு சேர்த்து 4.762 கிலோ, ஹெவி வார்மின்ட்டுக்கு 6.803 கிலோ. வரம்புக்குள் எவ்வளவு கனமாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

கன்னம், தோள், கை மூன்றும் எவ்வளவு தொடுகின்றன என்பதில் பழக்கம் ஆளுக்கு ஆள் வேறு. சிலர் ட்ரிகரைத் தவிர எதையுமே தொடுவதில்லை. என் கருத்தில் லேசாகத் தோளில் படவிட்டு, கன்னத்தை ஸ்டாக்கின் மேல் வைக்காமல் உரசும் அளவில் மட்டும் வைப்பது நெடுநேரம் மாறாமல் செய்யக்கூடியது. பெருவிரலை ட்ரிகர் கார்டின் பின்புறம் வைத்து, ஆள்காட்டி விரலோடு கிள்ளுவதுபோல் அழுத்தினால் பக்கவாட்டுத் தள்ளல் போய்விடும்.

அடுத்து வேகம். 240 மீட்டர் வேகத்தில் 25 மீட்டரில் பெல்லட் பாரல் கோட்டிலிருந்து 62 மி.மீ. அளவுக்கு விழுகிறது. வேகம் விநாடிக்கு 3 மீட்டர் குறைந்தால் இந்த விழுச்சி ஒன்றரை மி.மீ. கூடும். 25 பெல்லட்டை குரோனோகிராஃப் (வேகம் அளக்கும் கருவி) வழியாகச் சுட்டு, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் இடையில் 3 மீட்டருக்குள் இருந்தால் மேற்கொண்டு நோண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால், காற்று வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமர் ஸ்பிரிங்கைப் பாருங்கள். ரெகுலேட்டர் அழுத்தத்தை மாற்றாமல் ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டே போனால் வேகம் ஏறி ஓர் உச்சத்தில் நின்றுவிடும். அந்த உச்சத்திலிருந்து 3 முதல் 5 சதவீதம் கீழே வைத்தால் வேகம் பொதுவாக மிகச் சீராக இருக்கும். உங்கள் வகுப்பின் ஆற்றல் வரம்பை மீறாதபடி ரெகுலேட்டரையும் சேர்த்தே அமைக்க வேண்டும், அழுத்தத்தோடு விளையாட்டு கூடாது. அனுபவம் இல்லையென்றால் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ரெகுலேட்டரில் ஒரு வழக்கமான நோய், சும்மா இருக்கும்போது அழுத்தம் மெல்ல ஏறுவது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதல் பெல்லட் மட்டும் தனியாகப் போனால் அதுதான். சீல் மாற்றும்வரை, உங்கள் காற்று நிலைக்காக நெடுநேரம் காத்திருந்த பிறகு முதலில் சைட்டரில் ஒன்று விட்டுவிட்டு அட்டைக்குப் போங்கள். சிலிண்டரை வேகமாக நிரப்பினால் காற்று சூடாகும், ஆறியதும் அழுத்தம் இறங்கும். போட்டிக்கு முன்பே மெதுவாக நிரப்பி ஆறவிடுங்கள். பாரல், சிலிண்டரோடு பட்டையால் இறுகப் பிணைக்கப்பட்ட ரைஃபிள் என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. அழுத்தம் ஏறி இறங்கும்போது சிலிண்டர் மிகச் சிறிதளவு நீண்டு சுருங்கும், அது பாரலையும் இழுக்கும். நிரப்பியவுடன் ஒரு இடம், தீரும்போது வேறு இடம் என்று அடிபட்டால் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

பெல்லட்டுக்கு வருவோம். எடை போடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 8.44 கிரெயினில் 0.1 கிரெயின் வித்தியாசம் இருந்தால், அதே ஆற்றலில் வேகம் 0.6 சதவீதம் மாறும், உயரத்தில் முக்கால் மி.மீ. வரும். நல்ல டப்பாவில் பெரும்பான்மை பெல்லட்டுகள் இதற்குள்ளேயே இருக்கும். ஆகவே எடை போடுவதன் உண்மையான பலன், கூட்டத்திலிருந்து வெகுவாக விலகி நிற்கும் ஒன்றிரண்டைத் தூக்கியெறிவதுதான். அதைத் தாண்டி மில்லிகிராம் கணக்கில் கிண்ணம் கிண்ணமாகப் பிரிப்பது மழைக்காலப் பொழுதுபோக்கு.

தராசு காட்டாத வேறொன்று இருக்கிறது, எடைப் பிழையைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பெல்லட்டின் எடை மையம் அதன் நடு அச்சிலிருந்து 0.01 மி.மீ. விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரலுக்குள் இருக்கும்வரை அந்த மையம் அச்சைச் சுற்றி வட்டமடிக்கும். வெளியே வந்த கணத்தில், வட்டத்தின் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில் பக்கவாட்டாகப் பறந்துவிடும். ஏர் ரைஃபிள் பாரல்களில் வழக்கமான 450 மி.மீ.-க்கு ஒரு சுற்று என்ற முறுக்கில் கணக்குப் போட்டால், 25 மீட்டரில் மூன்றரை மி.மீ. விலகல். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிழைக்கு இவ்வளவு! உள்ளே ஒரு நுண்ணிய காற்றுக்குமிழி, ஒருபக்கம் தடித்த பாவாடை (பெல்லட்டின் உள்ளீடற்ற பின்பகுதி), கோணலாக அச்சான தலை எதுவானாலும் போதும், எடை சரியாக இருந்தும் பெல்லட் எங்கேயோ போகும். ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையில் போகும் என்பதால் கண்ணாடித் தாளில் உருண்டையான சிதறலாகத் தெரியும்.

இதைத் தனித்தனிப் பெல்லட்டாக வீட்டில் கண்டுபிடிப்பது கடினம், தொகுதி தொகுதியாகக் கண்டுபிடிக்கலாம். ஒரே கம்பெனி, ஒரே மாதிரி, ஒரே எடை என்று டப்பாவில் போட்டிருந்தாலும் எந்த அச்சில் எப்போது அடித்தார்கள் என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். ஆகவே எடைப் பிரிப்புக்குச் செலவழிக்கும் நேரத்தை நான்கைந்து தொகுதிகளைச் சோதிப்பதில் செலவழியுங்கள். ஒவ்வொன்றிலும் காற்றில்லாத இடத்தில் குறைந்தது 25, முடிந்தால் 50. தலை அளவு 4.50, 4.51, 4.52 என்று கிடைப்பதில் எது உங்கள் பாரலுக்குப் பிடிக்கும் என்பதைப் பாரல்தான் சொல்லும். பிடித்த தொகுதி கிடைத்தால் அதே எண்ணுள்ள டப்பாக்களைக் கிடைக்கும் அளவு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் பேராசை தப்பில்லை.

சுடும்போது பாவாடை நசுங்கியதைக் கண்ணால் பார்த்தே ஒதுக்குங்கள். டப்பாவில் விரலை விட்டுக் கிளறாமல், பஞ்சு விரித்த தட்டில் 25-ஐ முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மேகசின் வேண்டாம், ஒற்றைப் பெல்லட் தட்டு இருந்தால் அதைப் போடுங்கள், விரலால் தள்ளி உட்காரவைக்கும் அழுத்தம் கையில் தெரியும். வழக்கத்தைவிடத் தளர்வாகவோ இறுக்கமாகவோ உள்ளே போனது சைட்டருக்கு. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

ஸ்கோப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 36 மடங்கு, 40 மடங்கு போதும். 60 இருந்தாலும் வெயில் நாளில் கானல் அலையில் படம் கொதிக்கும், குறைத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் கண் பக்க வளையத்தைத் திருப்பிக் ஸ்கோப்புக்குள் இருக்கும் சிலுவைக் குறிக்கோடு கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள், அதன் பிறகே பாரலாக்ஸ் சக்கரம். தலையை மெல்ல மேலும் கீழும் ஆட்டும்போது குறிக்கோடு டார்கெட்டின் மேல் நகராமல் ஒட்டி நிற்கும் இடம்தான் சரியான இடம். சக்கரத்தில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் இந்த இடத்தில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்தால் 25 மீட்டரில் 1 மி.மீ. பக்கவாட்டில் போகும். ரசமட்டம் ஒன்று பொருத்தி, முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் குமிழி நகர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கடைசியில் பாரல். மாற்றுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒன்று, துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியை முனையின் உள் விளிம்பில் மெல்லச் சுற்றி எடுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, முனையை மட்டும் கடைசல்காரரிடம் திருத்தினால் போதும். இரண்டு, ஸ்டாக், ஸ்கோப் மவுண்ட், பாரல் பிடிப்பு திருகுகள் எல்லாவற்றையும் ஒரே சீரான முறுக்கில் இறுக்குங்கள். மூன்று, உள்ளே ஈயம் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நைலான் இழையில் துணித்துண்டைக் கட்டி, பெல்லட் போடும் பக்கத்திலிருந்து முனைப்பக்கமாக இழுத்தால் போதும். பித்தளை பிரஷ் வேண்டாம். சுத்தம் செய்த பிறகு பாரல் பழைய நிலைக்கு வரும்வரை சில பெல்லட்டுகள் வீணாகும், அதனால் போட்டிக் காலையில் இதைச் செய்யாதீர்கள்.

இவ்வளவும் செய்து, நான்கைந்து தொகுதிகளும் மாற்றிப் பார்த்து, காற்றில்லாத இடத்தில் சுட்ட கண்ணாடித் தாளில் 25 புள்ளிகள் இன்னும் உருண்டையாக 10 மி.மீ.-க்கு மேல் பரந்து கிடந்தால், அப்போது தாராளமாகப் பாரலை மாற்றுங்கள். 5, 6 மி.மீ.-க்குள் அடங்கினால் அந்தப் பணத்தில் நல்ல காற்றுக் கொடிகளும், ஒரு வருடத்துக்கான பெல்லட்டும் வாங்கிக்கொண்டு, காற்று அடிக்கும் நாளாகப் பார்த்துப் பயிற்சிக்குப் போங்கள்.